முதல் பேஸில் அருமை அக்கா

அருமைநாயகி அக்காவைப் பார்க்கிறவர்கள் முதலில் அவருடைய உயரத்தைத்தான் பார்ப்பார்கள். ஹவுன்ஸ்லோ கடைத்தெருவில் சனிக்கிழமை நெரிசலில் அவரைத் தேடவே தேவையில்லை. கம்பளித் தொப்பி போட்ட அவருடைய தலை மற்றத் தலைகளுக்கு மேலால் போய்க்கொண்டிருக்கும். ஊரில் இந்த உயரத்தால் அவருடைய கலியாணம் தள்ளித் தள்ளிப் போனது. பெண் பார்க்க வந்தவர்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு இருப்பார்களாம். இவர் தேநீர்த் தட்டோடு குனிந்து வந்து, கொடுத்துவிட்டு நிமிர்ந்ததும் கதை நின்றுவிடுமாம். கடைசியாக வந்தவர் கனகலிங்கம் அண்ணை. அக்காவைவிட நாலு விரல் குறைவானவர். "எனக்கு அண்ணாந்து பாக்கிறது பழக்கம்தான். எங்களுக்குப் பளையிலை தென்னந்தோட்டம்" என்று தரகரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சம்மதித்ததாக அக்கா சொல்வார்.

எண்பத்தைந்தில் இருவரும் லண்டனுக்கு வந்தார்கள். அண்ணைக்குப் பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. அக்கா இரண்டு வருடம் கழித்து நான் வேலை செய்த சமையற்கூடத்துக்கு வந்தார். ஹீத்ரோவிலிருந்து புறப்படுகிற விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிற இடம் அது. நீளமான பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, ஒருவர் கரண்டிப் பொட்டலம், ஒருவர் வெண்ணெய், ஒருவர் கேக் துண்டு என்று தட்டில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்குப் பணிஸ், அதாவது கைக்குள் அடங்குகிற உருண்டை ரொட்டி. நான் அவருக்குப் பக்கத்தில் வெண்ணெய். இடத்தை விட்டு யாராவது அசைந்தால் அவர் வைக்க வேண்டிய சாமான் இல்லாமல் தட்டுகள் போய்விடும். பிறகு எங்கேயோ ஆகாயத்தில் ஒருவர் வெண்ணெய் இல்லை என்று முறைப்பாடு எழுதுவார். அதனால் கால் அசையாமல் நிற்பதுதான் அங்கே முதல் பாடம்.

பணிஸ் முடிந்துவிட்டால் பின்னால் நிற்கிற பொடியன்கள் புதுப் பொதிகளைத் தூரத்தில் இருந்தே எறிவார்கள். எறிகிறவர்கள் பார்த்து எறிவதில்லை. ஒன்று தலைக்கு மேலால் போகும், ஒன்று முழங்காலுக்குக் கீழே வரும். மற்ற யாராக இருந்தாலும் பாதி நிலத்தில்தான் விழும். அக்காவிடம் ஒன்றும் விழாது. வலது கால் நின்ற இடத்தில் நிற்கும். மற்றக் கால் எவ்வளவு தூரத்துக்கும் போகும். உடம்பு முழுவதும் ஒரு கோடு மாதிரி நீண்டு, விரல் நுனியில் பொதியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். பிடித்த வேகத்திலேயே மற்றக் கையால் பொதியைக் கிழித்து அடுத்த தட்டில் பணிஸை வைத்துவிடுவார். ஒரு தட்டுக்கூடத் தவறாது.

ஒரு நாள் பீற்றர் ஏணியில் நின்று பெல்ட்டுக்கு மேலே இருக்கிற குளிர்காற்றுப் பெட்டியைத் திருத்திக்கொண்டிருந்தார். கனடாக்காரர், எங்களுடைய குளிர் அறைகளைப் பராமரிக்கிற மெக்கானிக், நல்ல வயிறு. திருத்துகிறதை விட்டுவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இறங்கி வந்து, பேஸ்போல் ஆடியிருக்கிறாயா என்று அக்காவிடம் கேட்டார். இல்லை என்றார் அக்கா. அப்படியானால் இப்படிப் பிடிக்க எங்கே படித்தாய் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் நெற்போல் ஆடினேன் என்றார் அக்கா. பீற்றருக்கு அது என்ன விளையாட்டு என்று தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்லிப் போனார்.

விமான நிலையத்தைச் சுற்றியிருந்த கம்பனிகள் சில அந்தக் காலத்தில் கோடை ஞாயிறுகளில் தங்களுக்குள் பேஸ்போல் ஆடிவந்தன. கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்த விமானக் கம்பனி ஆட்கள் தொடங்கிவைத்தது. எங்களுடைய சமையற்கூடத்துக்கும் ஒரு அணி இருந்தது. பீற்றர்தான் தலைவர், மட்டைக்காரருக்குப் பந்து எறிகிறவரும் அவர்தான். பெண்கள் ஆடக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு பெண் வந்து நிற்பாள் என்று யாரும் நினைக்காததால் அப்படி ஒரு சட்டம் போட அவர்களுக்குத் தோன்றவில்லை.

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வைர வடிவத்தில் நாலு மூலையில் நாலு இடம். அவற்றுக்குப் பேஸ் என்று பெயர். மட்டையால் அடித்தவர் முதல் பேஸ் என்கிற வெள்ளைச் சாக்குப் பைக்கு ஓடுவார். மற்ற அணிக்காரர் பந்தைப் பொறுக்கி அந்த முதல் பேஸில் நிற்கிறவருக்கு எறிவார்கள். ஓடுகிறவர் வந்து சேருமுன், பையில் கால் வைத்தபடி அவர் பந்தைப் பிடித்துவிட்டால், ஓடியவர் அவுட். ஆகவே களத்தில் எங்கே பந்து போனாலும் கடைசியில் முதல் பேஸுக்குத்தான் வரும். எங்கள் அணியில் அங்கே நின்றவர் லொறிச் சாரதி கொலின். முழங்கால் வீங்கி, ஒரு ஆட்டம் ஆடினால் மூன்று நாள் நொண்டுவார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு ஒருவரும் இல்லை. பீற்றருடைய கவலை அதுதான்.

அக்கா வீட்டில் போய் விஷயத்தைச் சொன்னாராம். கனகலிங்கம் அண்ணை சோற்றைப் பிசைந்தபடி யோசித்துவிட்டு, சம்பளம் தருவார்களா என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. "அப்ப சரி. சம்பளம் எண்டால் அது இன்னொரு ஷிப்ட். இது விளையாட்டுத்தானே, போய் விளையாடும்."

முதல் ஞாயிறு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விமானம் இறங்குகிற பாதைக்கு நேர் கீழே ஒரு புல்வெளி. விமானம் வருகிறபோது கதைக்கிறவர்கள் கதையை நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்தில் தொடங்குவார்கள். அக்கா சமையற்கூடத்து வெள்ளைக் காற்சட்டையோடு வந்திருந்தார். கொண்டையைத் தொப்பிக்குள் அடக்கி, தாலிக்கொடியை உள்ளே விட்டு ஊசியால் சட்டையோடு குத்தியிருந்தார். பீற்றர் பழைய தோல் கையுறை ஒன்றைக் கொடுத்தார். எங்கள் அணிப் பொடியன்கள் நாலா பக்கமும் இருந்து எறிந்து பார்த்தார்கள். மண்ணில் பட்டு வந்ததையும், தலைக்கு மேலால் போனதையும், விலகி வந்ததையும் அக்கா பையில் வைத்த காலை எடுக்காமல் பிடித்தார். கொலின் தன்னுடைய முழங்காலைத் தடவிக்கொண்டு, இனி நான் வீட்டில் படுக்கலாம் என்றார்.

ஆனால் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் நடந்தது. எதிர் அணிக்காரன் அடித்த பந்து மெதுவாக உருண்டு அக்காவிடமே வந்தது. பேஸில் இருந்து ஓரிரண்டு எட்டுத் தள்ளித்தான் நின்றிருந்தார். பந்தை எடுத்தார். திரும்பி நடந்துபோய்ப் பையை மிதித்தால் போதும், அவுட். அக்கா மிதிக்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றி, மற்றக் காலால் சுற்றிச் சுற்றித் திரும்பி, யாருக்கு எறியலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அடித்தவன் அவருக்குப் பக்கத்தால் ஓடிப்போய்ப் பேஸில் நின்றுகொண்டான். எதிர் அணி சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். பீற்றர் ஓடிவந்து, ஏன் நடக்கவில்லை என்று கேட்டார்.

பந்து கையில் இருந்தால் நடக்கக் கூடாதே என்றார் அக்கா.

பீற்றருக்கு விளங்கவில்லை. கொலினுக்கு விளங்கிவிட்டது. அவருடைய மகள்மார் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் நெற்போல் ஆடினவர்கள். அந்த விளையாட்டில் பந்தைப் பிடித்தவர் அதோடு நடக்கக் கூடாது, ஊன்றிய காலை ஊன்றியபடி வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு எறிய வேண்டும் என்று அவர் பீற்றருக்கு விளக்கினார். பீற்றர் தலையில் கை வைத்தார். எந்தப் பழக்கத்துக்காக அக்காவைக் கூட்டி வந்தாரோ, அந்தப் பழக்கமே இப்போது காலைக் கட்டியிருந்தது.

திருத்திப் பார்த்தார்கள். உருட்டிவிட்டு, நட, நட என்றார்கள். வெறுங்கையோடு என்றால் அக்கா எங்கள் எல்லாரையும்விட வேகமாக ஓடுவார். பந்து கைக்கு வந்த உடனே கால் நின்றுவிடும். "ஊன்றின காலை எடுத்தால் எனக்குக் காதுக்குள்ளை விசில் ஊதுது பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். அவருடைய பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை அவ்வளவு கடுமையாம். அரை அடி நகர்ந்தாலும் விசில்.

கடைசியில் பீற்றர் ஒரு வழி சொன்னார். பந்து அக்காவிடம் உருண்டு போனால், எறிகிற இடத்தில் இருந்து பீற்றரே முதல் பேஸுக்கு ஓடுவார். அக்கா அவருக்கு எறிய வேண்டும். அவர் பையை மிதிப்பார். பேஸ்போலில் தெரிந்த முறைதான் அது, எப்போதாவது செய்வது. எங்கள் அணியில் மட்டும் ஒவ்வொரு தடவையும் செய்தோம். அந்தப் பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு பீற்றர் ஓடிவருவதும், அக்கா நின்ற இடத்தில் நின்று அவருடைய நெஞ்சுக்கு நேரே பந்தைத் தள்ளிவிடுவதும் அடுத்த கோடையில் பார்க்கிறவர்கள் காத்திருந்து பார்க்கிற காட்சியாகிவிட்டது. பீற்றருடைய காற்சட்டை இடுப்பில் தளர்ந்தது. அவருடைய மனைவி அக்காவுக்கு நன்றி சொல்லி ஒரு கேக் அனுப்பினாள்.

அக்கா அங்கே நின்றதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் அணிப் பொடியன்கள் நல்லாக எறிகிறவர்கள் இல்லை. சமைக்கிறவர்களும் கழுவுகிறவர்களும்தானே. ஆனால் அக்கா வந்த பிறகு அவர்கள் பயமில்லாமல் எறியத் தொடங்கினார்கள். எப்படி எறிந்தாலும் அவர் பிடித்துவிடுவார் என்று தெரிந்ததும், எறிகிற கைகளும் திருந்தின. யாராவது மோசமாக எறிந்தால் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த தடவை அவனுக்கு நேரே கையுறையை நீட்டி, இங்கே என்று காட்டிக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான்.

சமையற்கூடத்தில் தட்டுக் கழுவுகிற பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் செபஸ்தியாம்பிள்ளை அண்ணை. பாஷையூர்க்காரர், வாய் சும்மா இருக்காது. தொடக்கத்தில் அக்காவைக் கண்டால் விட மாட்டார்.

"என்ன தங்கச்சி, லண்டனுக்கு வந்து கிட்டிப்புல் அடிக்கிறியளாம்?"

"கிட்டிப்புல் இல்லை அண்ணை. நீங்களும் வாங்கோவன், ஓடுறதுக்கு ஆள் காணாது."

"நான் ஓடத் தொடங்கினால் யாழ்ப்பாணத்திலைதான் போய் நிப்பன்."

பிறகு ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு மடிக்கிற கதிரை ஒன்றைக் கொண்டு வந்து எல்லைக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். மூன்றாவது வாரம் எதிர் அணிக்காரருக்குத் தமிழில் பட்டப் பெயர்கள் வைக்கத் தொடங்கிவிட்டார். தாழப் பறக்கிற விமானத்தைக் காட்டி, "எங்கடை பணிஸ் போகுது, கும்பிடுங்கோ" என்பார்.

நான் ஒரு நாள் தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போது அக்காவிடம் கேட்டேன், கிழமை முழுக்க நின்ற கால், ஞாயிறும் ஏன் நிற்க வேண்டும் என்று. அக்கா கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கிழமை முழுக்க சாமான் எனக்கு முன்னாலை போய்க்கொண்டிருக்கும் பிள்ளை. ஒருதரும் நிமிர்ந்து பாக்காயினம். இஞ்சை நிண்டால் எல்லாரும் என்னைப் பாத்துத்தான் எறிவினம்."



தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு கோடையில் டெரன் வந்தான். குளிர் அறை வேலைக்குப் பீற்றருக்கு உதவியாகச் சேர்ந்தவன். இருபத்திரண்டு வயது, அக்காவைவிட ஒரு சாண் உயரம், இடக்கைக்காரன். கனடாவில் மாமன் வீட்டில் இருந்தபோது முறையாகப் பேஸ்போல் பழகியிருந்தான். ஆடின இடம் முதல் பேஸ். நல்ல பிள்ளை. அக்காவைக் கண்டால் பாரமான பெட்டிகளைத் தானே வாங்கித் தூக்குவான். அவனைக் கோபிக்க அக்காவுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அதுதான் கஷ்டம்.

பீற்றர் எதையும் மறைத்துச் செய்கிற மனிதர் இல்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் சாப்பாட்டு அறையில் அக்காவுக்கு முன்னால் வந்து இருந்து கணக்கைச் சொன்னார். முதல் பேஸுக்கு அவரிடம் இருக்கிறவர்கள் மூன்று பேர். கொலினுடைய முழங்கால் முடிந்துவிட்டது. அக்காவைப் போலப் பிடிக்கிறவர் இந்தச் சுற்றுவட்டத்தில் இல்லை, ஆனால் பந்தோடு நடக்க மாட்டார். டெரன் அவ்வளவு பிடிக்க மாட்டான், ஆனால் எல்லாம் செய்வான், வயதும் இருக்கிறது. தனக்கு முதுகு கொடுமை செய்கிறது, அடுத்த வருடம் எறிய முடியாமல் போகலாம். வேறு ஒருவர் எறிந்தால், ஒவ்வொரு பந்துக்கும் அவர் ஓடிவர மாட்டார். ஆகவே முதல் பேஸில் நிற்கிறவர் தானே போய்ப் பையை மிதிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். கோடையின் கடைசி ஆட்டத்தில் டெரனை அங்கே நிறுத்திப் பார்க்கப் போகிறேன், அடுத்த வருடத்துக்கு அன்றைக்கு முடிவு செய்வேன் என்றார். அக்காவுக்கு வலது பக்கக் கடைசி எல்லையில் ஒரு இடம் தருவதாகவும் சொன்னார்.

அந்தக் கடைசி எல்லைக்கு ஒரு ஆட்டத்தில் ஒரு பந்து போனால் பெரிய விஷயம். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம், நான் வெளியில் இருக்கிறேன் என்று மரியாதையாகச் சொன்னார். பெல்ட்டுக்குத் திரும்பி வந்து கையுறையைப் போட்டுக்கொண்டு என்னிடம் தமிழில் சொன்னார்:

"அங்கை போய் நிண்டால் நான் புல்லோடை புல்லு."

அன்று பின்னேரம் தொடங்கி அக்காவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய ஒழுங்கையில் பயிற்சி நடந்தது. கனகலிங்கம் அண்ணை கால்மிதி ஒன்றைக் கொண்டு வந்து போட்டார். அதுதான் பேஸ். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்து அவர் பந்தை உருட்டிவிடுவார். அக்கா எடுத்துக்கொண்டு திரும்பி வந்து கால்மிதியை மிதிக்க வேண்டும். நான் ஒரு சனிக்கிழமை போயிருந்தபோது அதைப் பார்த்தேன். அண்ணை உருட்டினார். அக்கா அழகாகக் குனிந்து எடுத்தார். அப்படியே நின்றார். காலைத் தூக்குகிறது தெரிந்தது, உடம்பு முன்னுக்குச் சாய்ந்தது, ஆனால் கால் நிலத்தில் ஒட்டியிருந்தது.

"இஞ்சருங்கோ, எனக்கு ஏலாது" என்றார் அக்கா.

"ஏலும். பந்தை மறந்துபோட்டு நடவும். அது ஒரு தேங்காய் எண்டு நினையும்."

"தேங்காயை ஆர் இப்பிடிக் கையுறையிலை கொண்டு போறது?"

"அப்ப பணிஸ் எண்டு நினையும்."

"பணிஸ் எண்டால் நான் அசையவே மாட்டன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எல்லாம் சரிதானா என்று கேட்டார். அண்ணை திரும்பத் திரும்ப உருட்டினார். வேலைக்குப் போகிற உடுப்போடு, ஒரு சொல்லும் கடிந்து சொல்லாமல், குனிந்து குனிந்து உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா சில தடவை நடந்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எங்கேயோ ஊதுவதைக் கேட்கிறவர் மாதிரி ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நடந்தார். அந்த ஒரு கணம் போதும், ஓடுகிறவன் வந்து சேர்ந்துவிடுவான். அது அவருக்கும் தெரியும்.

செப்டெம்பரில் கடைசி ஆட்டம். எதிரில் விமானத்துக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களுடைய அணி, ஒவ்வொருவரும் ஒரு அலுமாரி போல இருப்பார்கள். டெரன் முதல் பேஸில் நின்றான். நன்றாகவே ஆடினான். உருண்டு வந்த பந்தைக் கையுறையால் அள்ளி எடுத்து, திரும்பிப் பார்க்காமலே காலைப் பையில் வைப்பான். பார்க்கிறவர்கள் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார். விலகி வந்த பந்துகள் இரண்டு அவனைத் தாண்டிப் போனபோது மட்டும், பக்கத்தில் இருந்த எனக்கு, அக்காவின் கால் புல்லில் நீள்வது தெரிந்தது. உடம்பு இங்கே இருந்தாலும் கால் அங்கேதான் இருந்தது.

"தங்கச்சி, அவன் பொடியன் வடிவாய் விளையாடுறான், பொய் சொல்லக் கூடாது" என்றார் செபஸ்தியாம்பிள்ளை அண்ணை.

"ஓம் அண்ணை, வடிவாய் விளையாடுறான்" என்றார் அக்கா.

அண்ணை பிறகு அன்றைக்கு ஒரு பட்டப் பெயரும் வைக்கவில்லை.

ஆட்டம் முடிகிற கட்டத்தில்தான் அது நடந்தது. எதிர் அணி ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர் பேஸ்களில் காத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒருவரை அவுட்டாக்கினால் அவர்களுடைய முறை முடிந்துவிடும். பீற்றர் பந்தை எறியக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. முதுகு பிடித்துவிட்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரை எல்லைக்குக் கொண்டு வந்து புல்லில் படுக்க வைத்தார்கள். அவர் படுத்தபடியே யோசித்தார். அணியில் வேகமாகவும் நேராகவும் எறியக்கூடிய கை டெரனுடைய கைதான். டெரன் எறிய வேண்டும் என்றார். பிறகு தலையை மெதுவாகத் திருப்பி அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து, தாலிக்கொடி ஊசியைத் தடவிப் பார்த்துவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு முதல் பேஸுக்கு நடந்து போனார்.

டெரன் எறிந்த முதல் பந்தே வேகமாக இருந்தது. மட்டையோடு நின்ற பெரிய மனிதன் சுழற்றினான், தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவது பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, புல்லில் துள்ளித் துள்ளி முதல் பேஸுக்கு முன்பக்கமாக வந்தது. அக்கா பேஸை விட்டு ஓடிவந்து குனிந்து எடுத்தார். சுத்தமாக எடுத்தார். எடுத்து, இத்தனை வருடப் பழக்கத்தில், எறிவதற்குக் கையை உயர்த்திக்கொண்டு பேஸைத் திரும்பிப் பார்த்தார்.

பேஸில் ஒருவரும் இல்லை.

பீற்றராக இருந்தால் இந்த நேரத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டு அங்கே நின்றிருப்பார். ஞாயிறு வேலையால் அதுவரை எங்கள் ஆட்டம் ஒன்றையும் பார்க்காத டெரனுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. அவன் எறிந்த இடத்திலேயே நின்று, அக்கா போய் மிதிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெரிய மனிதன் நிலம் அதிர ஓடிவந்துகொண்டிருந்தான். அக்கா ஒரு கால் ஊன்றி நின்றார். எனக்கு அந்தக் காலைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேலே வந்தது. செபஸ்தியாம்பிள்ளை அண்ணை கதிரையை விட்டு எழுந்து வாயைத் திறந்து என்னவோ சொன்னார், ஒரு சத்தமும் கேட்கவில்லை. அன்றைக்குப் பார்க்க வந்து எல்லையில் நின்ற கனகலிங்கம் அண்ணை குனிந்து, ஒழுங்கையில் பந்தை உருட்டுகிற மாதிரி வெறுங்கையை முன்னுக்கு நீட்டினார், அவ்வளவுதான்.

அக்கா நடந்தார்.

ஓடவில்லை. தட்டுகள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் மாதிரி, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நீண்ட எட்டு எடுத்து வைத்தார். அவருடைய கால் பையில் விழுந்தது. அடுத்த கணம் அந்த மனிதன் காற்றை அடித்துக்கொண்டு அவரைத் தாண்டி ஓடினான். நடுவர் கையைத் தூக்கி அவுட் காட்டினார். விமானம் போய் முடிந்த பிறகுதான் எங்களுடைய சத்தம் எங்களுக்கே கேட்டது.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் முறை வந்தபோது அடித்தவர்கள் எல்லாரும் ஆகாயத்துக்கு அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒரு ஓட்டத்தால் தோல்வி. எங்கள் பக்கத்தில் அதற்காக முகம் வாடியவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

பீற்றர் புல்லில் படுத்தபடியே டெரனையும் அக்காவையும் கூப்பிட்டார். இவ்வளவு நாளும் எறிகிறதற்கு ஆள் தேடினேன், அது என்னுடைய குளிர் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது என்றார். அடுத்த வருடம் டெரன் எறிவான், முதல் பேஸ் அக்காவுக்கு. டெரன் முகம் சிவந்து, பேஸுக்கு ஓடி வராததற்கு மன்னிப்புக் கேட்டான். தன்னிடம் யாரும் சொல்லவில்லை, இனிமேல் கட்டாயம் ஓடி வருவேன் என்றான். வராமல் விட்டது நல்லது என்றார் அக்கா. பீற்றர் சிரிக்க வெளிக்கிட்டு, முதுகு நோவில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அந்தப் புல்வெளி இருந்த வரைக்கும் கோடை ஞாயிறுகளில் அக்கா அங்கே நின்றார். டெரன் எறிந்தான். எங்கள் அணி அதிகம் வெல்லவில்லை, ஆனால் முதல் பேஸ் பக்கம் அடிக்க எதிர் அணிகள் யோசித்தன. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது அந்தச் செப்டெம்பர் பின்னேரம்தான்.

எல்லாரும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை அண்ணை கதிரையை மடித்துக்கொண்டு, தான் சொன்னபடியால்தான் அக்கா நடந்தார் என்று கொலினுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அக்கா இன்னும் பேஸில் நின்றார். ஒருவரும் இல்லாத களத்தில், ஒரு காலைப் பையில் வைத்துக்கொண்டு. கனகலிங்கம் அண்ணை தேநீர் பிளாஸ்க்கோடு அவரிடம் நடந்து போனார். நானும் கோப்பைகளைக் கொண்டு பின்னால் போனேன்.

"வாருமன், தேத்தண்ணி ஆறுது" என்றார் அண்ணை.

அக்கா அவரைக் குனிந்து பார்த்தார்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு விசில் கேக்கேல்லை."

"பிளேன் போன சத்தத்திலை கேட்டிராது" என்றார் அண்ணை.

"இல்லை" என்றார் அக்கா. "அது போன பிறகும் கேக்கேல்லை."